மேசைக் கணினிக்கு வேகமான எஸ்எஸ்டி: ஸ்லாட்டில் தொடங்கிச் சோதனைவரை முழுமையான வழிகாட்டி

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, ஃபிளாஷ் சில்லுகளால் ஆன சேமிப்பு டிரைவ்) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான்: நொடிக்கு 7,000 எம்பி, 14,000 எம்பி. உண்மையில் அது கடைசியில் பார்க்க வேண்டிய எண். உங்கள் மதர்போர்டும் பிராசஸரும் எதற்கு இடம் கொடுக்கின்றன, நீங்கள் செய்யும் வேலை எந்த வகை வேகத்தைக் கேட்கிறது என்ற இரண்டும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: மதர்போர்டின் முழு மாடல் பெயர், பிராசஸரின் முழு மாடல் எண், அந்த மதர்போர்டின் மேனுவல். முதல் இரண்டையும் சிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். "பி550" என்ற சிப்செட் பெயர் மட்டும் போதாது. அதே சிப்செட்டில் ஒரே நிறுவனம் விற்கும் பல போர்டுகளில் ஸ்லாட் அமைப்பு வேறுவேறாக இருக்கும்.

1. எந்த வகை ஸ்லாட் இருக்கிறது என்று பாருங்கள்

எம்.2 என்பது போர்டில் நேராகச் செருகும் மெல்லிய டிரைவின் வடிவத்தின் பெயர் மட்டுமே, வேகத்தின் பெயர் அல்ல. அதே வடிவத்தில் சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் டிரைவும் வரும், பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்இ டிரைவும் வரும். சாட்டா எந்த உடையில் வந்தாலும் நொடிக்குச் சுமார் 550 எம்பிக்கு மேல் போகாது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்: "எம்.2 எஸ்எஸ்டி" என்று கேட்டு வாங்கி வந்து பார்த்தால் அது சாட்டாவாக இருக்கும்.

மேனுவலில் ஒவ்வொரு எம்.2 ஸ்லாட்டுக்கும் பக்கத்தில் பிசிஐஇ, சாட்டா, அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கும். பிசிஐஇ என்று மட்டும் இருந்தால் அங்கே சாட்டா எம்.2 டிரைவைப் போட்டாலும் கணினி அதைப் பார்க்காது. டிரைவின் பொன்முனையில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரண்டு வெட்டுள்ள என்விஎம்இ டிரைவுகளும் சில உண்டு என்பதால் வெட்டை மட்டும் நம்பாமல் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வைஃபை கார்டுக்கான சிறிய எம்.2 ஸ்லாட்டும் போர்டில் இருக்கலாம். அது எஸ்எஸ்டிக்கு ஆகாது.

நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். மேசைக் கணினிப் போர்டுகளில் இதுதான் வழக்கமான அளவு.

2. ஸ்லாட்டின் தலைமுறையைக் கண்டுபிடியுங்கள், பிராசஸரையும் சேர்த்து

நான்கு லேன் (தரவு போகும் தடம்) உள்ள என்விஎம்இ ஸ்லாட்டில் நடைமுறையில் கிடைக்கும் உச்ச வேகம் ஏறத்தாழ இப்படி: ஜென் 3 (பிசிஐஇயின் மூன்றாம் தலைமுறை) என்றால் நொடிக்கு 3,500 எம்பி, ஜென் 4 என்றால் 7,000-க்குச் சற்று மேல், ஜென் 5 என்றால் 14,000 அளவு. புதிய டிரைவைப் பழைய ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஸ்லாட்டின் வேகத்துக்கு இறங்கிவிடும். பழைய டிரைவைப் புதிய ஸ்லாட்டில் போட்டால் டிரைவின் சொந்த வேகம்தான் கிடைக்கும்.

போர்டின் பெட்டியில் "ஜென் 4" என்று இருப்பது பாதிக் கதைதான். முதல் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் நேராகப் பிராசஸரோடு இணைந்திருக்கும், ஆகவே அதன் தலைமுறையைப் பிராசஸரும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அடிக்கடி சிக்கல் வரும் இடங்கள் இவை:

ரைசன் 5 5600ஜி, ரைசன் 7 5700ஜி, ரைசன் 5 5500 ஆகியவை பிசிஐஇ ஜென் 3 மட்டுமே தருபவை. பி550 போர்டில் போட்டாலும் முதல் ஸ்லாட் ஜென் 3 தான். அதே போர்டில் ரைசன் 5 5600 இருந்தால் ஜென் 4 கிடைக்கும். ஒரு எழுத்து கூடியதால் பாதி வேகம் போகிறது.

பி450 போர்டில் என்ன ரைசன் போட்டாலும் ஜென் 3 என்றே கணக்கிடுங்கள்.

இன்டெல் 10-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் எம்.2-க்கென்று தனி லேன் கிடையாது. பி560 போன்ற 500 வரிசைப் போர்டில் அவற்றைப் போட்டால், பெரும்பாலான மாடல்களில் முதல் எம்.2 ஸ்லாட் இயங்கவே இயங்காது. டிரைவ் பழுது என்று திருப்பி அனுப்பப்படும் எஸ்எஸ்டிகளில் சில இந்தக் காரணத்தால் போகின்றன. அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினால் போதும்.

இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறைவரை பிராசஸரிலிருந்து எம்.2-க்கு வருவது ஜென் 4 லேன்கள். அந்தப் போர்டுகள் சிலவற்றில் இருக்கும் ஜென் 5 எம்.2 ஸ்லாட், கிராபிக்ஸ் கார்டின் 16 லேன்களிலிருந்து பங்கு எடுக்கிறது. அங்கே டிரைவைப் போட்டதும் கார்டு 8 லேனுக்கு இறங்கும்.

இரண்டாவது, மூன்றாவது எம்.2 ஸ்லாட்டுகள் வழக்கமாகச் சிப்செட் வழியாகப் போகும். பி550 சிப்செட் தருவது ஜென் 3 லேன்கள். அந்தச் சிப்செட் பிராசஸரோடு பேசுவதும் நான்கு ஜென் 3 லேன் வழியாகத்தான் என்பதால், அதில் தொங்கும் டிரைவ், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாமே அந்த ஒரே வழியைப் பகிர்கின்றன. விண்டோஸ் இருக்கும் வேகமான டிரைவைப் பிராசஸரோடு இணைந்த ஸ்லாட்டிலும், சேமிப்புக்கான டிரைவைச் சிப்செட் ஸ்லாட்டிலும் வைப்பது அதனால்தான்.

எம்.2 ஸ்லாட்டே இல்லையென்றால் பிசிஐஇ அடாப்டர் கார்டு ஒன்றில் என்விஎம்இ டிரைவை ஏற்றலாம். நீளமான 16 லேன் ஸ்லாட் போலத் தெரிவது உள்ளே நான்கு லேன் மட்டும் இணைந்ததாகவோ, ஒரே லேனாகவோ இருக்கலாம்; மேனுவலைப் பாருங்கள். ஒரே கார்டில் நான்கு டிரைவ் ஏற்றும் மலிவான அடாப்டர் வேண்டுமென்றால், அந்த ஸ்லாட்டைப் பிரித்துக் கொடுக்கும் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) இருந்தாக வேண்டும். 2014-க்கு முந்தைய போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ டிரைவிலிருந்து பூட் ஆகாது. அங்கே 2.5 அங்குலச் சாட்டா டிரைவே நிம்மதி.

3. எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள்

மேனுவலில் எம்.2 பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: "இந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தும்போது சாட்டா 5, 6 இயங்காது" என்பது போல. போர்டுக்குப் போர்டு எண்கள் மாறும். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் அது செத்துப்போகவில்லை. கேபிளை வேறு சாட்டா போர்ட்டில் செருகுங்கள்.

4. உங்கள் வேலை கேட்கும் வேகம் எது

பெட்டியில் உள்ள எண் தொடர் வாசிப்பு வேகம். பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வருவது. விண்டோஸ் தொடங்குவது, மென்பொருள் திறப்பது, பிரவுசர் ஓடுவது ஆகியவை நடப்பது அங்கங்கே சிதறிய சிறு துண்டுகளைப் படிப்பதால். சோதனை மென்பொருளில் 4கே ரேண்டம், கியூ1 என்று வரும் வரி இதைக் காட்டும். ஹார்டு டிஸ்க்கில் அது நொடிக்கு 1 எம்பி அளவுக்குக்கூட வராது. சாட்டா எஸ்எஸ்டியில் 30–40 எம்பி, நல்ல ஜென் 4 டிரைவில் 80–90 எம்பி அளவில் இருக்கும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது கணினியே புதிதானது போலத் தெரிவதும், ஜென் 3-இலிருந்து ஜென் 5-க்கு மாறும்போது ஒன்றும் தெரியாமல் போவதும் இதனால்தான்.

அலுவலக வேலை, படிப்பு, இணையம் என்றால் எந்த நல்ல ஜென் 3 டிரைவும் போதும். கேம் ஆடுபவர்களுக்கு நல்ல ஜென் 4. அதற்கு மேல் போனால் லோடிங் நேரத்தில் ஓரிரு நொடிகூடக் குறையுமா என்பது கேமைப் பொறுத்தது. வீடியோ எடிட்டிங், பெரிய கோப்புகளைத் தினமும் இங்குமங்கும் நகர்த்துவது, விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) என்றால் தொடர்ந்து எழுதும் வேகம் முக்கியம். ஜென் 5-க்குக் கூடுதல் பணம் கொடுக்க ஓரளவு நியாயம் இருப்பது இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு மட்டும்தான். மறுமுனையில் இருக்கும் டிரைவும் அதே வேகத்தில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கும் வீண்.

5. கொள்ளளவை முடிவு செய்யுங்கள்

கொள்ளளவு கூடினால் பெரும்பாலும் வேகமும் கூடும். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சில்லுகள் பல ஒரே நேரத்தில் எழுதுகின்றன. சிறிய டிரைவில் சில்லுகள் குறைவு. சாம்சங் 970 ஈவோ பிளஸ் மாடலில் 250 ஜிபிக்கு அறிவித்த எழுதும் வேகம் நொடிக்கு 2,300 எம்பி, 1 டிபிக்கு 3,300. பெட்டியில் "வரை" என்று சொல்லும் வேகம் பெரும்பாலும் பெரிய மாடலுடையது. நீங்கள் வாங்கும் கொள்ளளவின் வரியைத் தனியாகப் படியுங்கள்.

1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும். கணக்கிடும் முறைதான் வேறு. திருட்டு ஒன்றும் இல்லை. அதிலும் 10 முதல் 15 சதவீதம் காலியாக விட வேண்டும். காரணம் அடுத்த பகுதியில். இப்போது உங்களிடம் உள்ளவற்றின் அளவைக் கூட்டி, அதை இரட்டிப்பாக்கி, அதற்கு மேலே உள்ள கொள்ளளவை எடுங்கள்.

6. உள்ளே இருப்பதைப் பாருங்கள்: ஃபிளாஷ், கேச், டிராம்

ஒரே வேகம் எழுதிய இரண்டு டிரைவுகள் விலையில் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

டிஎல்சி ஃபிளாஷில் ஒரு செல்லில் மூன்று பிட், கியூஎல்சியில் நான்கு பிட். பிட் கூடக் கூட விலை குறையும், எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். இந்த மந்தம் வெளியே தெரியாமலிருக்க, செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் மட்டும் எழுதும் வேகக் கேச்சாக டிரைவ் பயன்படுத்துகிறது. பெட்டியில் உள்ள எழுதும் வேகம் இந்தக் கேச்சின் வேகம். கேச் நிறைந்ததும் உண்மை வேகம் வெளியே வரும்.

எவ்வளவு இறங்கும் என்பதற்குத் தயாரிப்பாளரே கொடுத்த கணக்கு ஒன்று: சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி ஒரு சாட்டா கியூஎல்சி டிரைவ். கேச் அதிகபட்சம் 42 ஜிபி, அதுவரை நொடிக்கு 530 எம்பி; அதன்பின் 80 எம்பி. 200 ஜிபி வீடியோவை அதில் நகலெடுத்தால் முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மீதி 158 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் சாதாரண ஹார்டு டிஸ்க்கே முந்திவிடும். படிப்பதற்கு மட்டும் அதிகம் பயன்படும் சேமிப்புக்கு இது குறையே இல்லை. எடிட்டிங் டிரைவாக வைத்தால் தலைவலி.

பல டிரைவுகள் காலியிடத்தையே கேச்சாக எடுத்துக்கொள்கின்றன. டிரைவ் நிறைய நிறையக் கேச் சுருங்கும். 90 சதவீதம் நிரம்பிய டிரைவ் "முன்பு மாதிரி இல்லையே" என்று தோன்றுவது இதனால். இடம் விடச் சொன்னதும் இதற்காகத்தான்.

அடுத்து டிராம். எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள, டிராம் உள்ள டிரைவில் வழக்கமாக 1 டிபிக்கு 1 ஜிபி நினைவகம் இருக்கும். டிராம் இல்லாத என்விஎம்இ டிரைவ் கணினியின் ரேமிலிருந்து சில பத்து எம்பியைக் கடன் வாங்கிச் சமாளிக்கும். எச்எம்பி என்பது இந்த ஏற்பாடு. சாதாரணப் பயன்பாட்டில் அது நன்றாகவே ஓடுகிறது, டபிள்யூடி பிளாக் எஸ்என்770, சாம்சங் 980 இரண்டும் அப்படிப்பட்டவை. பெரிய டேட்டாபேஸ், ஒரே நேரத்தில் பல விர்ச்சுவல் மெஷின் என்றால் டிராம் உள்ளதை எடுங்கள்: சாம்சங் 990 புரோ, டபிள்யூடி பிளாக் எஸ்என்850எக்ஸ், கிங்ஸ்டன் கேசி3000 போன்றவை.

டிராம் இல்லாத சாட்டா டிரைவுக்கு இந்தக் கடன் வசதி கிடையாது. விண்டோஸ் நிறுவ அதை வாங்காதீர்கள்.

டிஎல்சியா கியூஎல்சியா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளிலேயே எழுதவில்லையென்றால், எழுதாததற்குக் காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில மலிவு மாடல்களில் பெயர் மாறாமலே உள்ளே ஃபிளாஷும் கண்ட்ரோலரும் (டிரைவை இயக்கும் சில்லு) மாறுகின்றன, ஆகவே வெளிவந்த புதிதில் எழுதப்பட்ட மதிப்புரை இன்று கையில் கிடைக்கும் டிரைவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

7. விவரத்தாளில் மீதியைப் படியுங்கள்

டிபிடபிள்யூ என்பது உத்தரவாதத்துக்கு உட்பட்டு எழுதக்கூடிய மொத்த டெராபைட். 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 என்பது பொதுவாகக் காணும் எண். ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் தினமும் சுமார் 328 ஜிபி. சாதாரணப் பயன்பாட்டில் இதன் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள், எனவே இரண்டு டிஎல்சி டிரைவுகளுக்கு இடையே இந்த எண்ணை வைத்து மண்டையை உடைக்க வேண்டாம். அதே கொள்ளளவுக்கு 200 அளவில் போட்டிருந்தால் மட்டும் நில்லுங்கள்: அது பெரும்பாலும் கியூஎல்சி.

எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 15 லட்சம் மணி என்றால் 171 ஆண்டு. உங்கள் ஒற்றை டிரைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது, தாண்டிப் போங்கள். உத்தரவாத ஆண்டுதான் பயனுள்ள எண்.

8. சூட்டுக்கு ஏற்பாடு

கண்ட்ரோலர் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது பெரும்பாலான டிரைவுகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். ஜென் 3-க்கு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயமில்லை, ஜென் 4-க்கு இருந்தால் நல்லது, ஜென் 5-க்கு இல்லாமல் ஓட்டவே கூடாது.

போர்டோடு ஹீட்சிங்க் வந்திருந்தால் டிரைவை ஹீட்சிங்க் இல்லாத மாடலாக வாங்குங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட முடியாது. தனி ஹீட்சிங்க் வாங்கினால் உயரத்தை அளந்து பாருங்கள், ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்தால் இடிக்கும். டிரைவின்மேல் உள்ள ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம். உத்தரவாதத்துக்குத் தேவையான சீரியல் எண் அதில் இருக்கிறது, சிலவற்றில் சூட்டைப் பரப்பும் செம்புத் தகடும் அதற்குள்ளேயே இருக்கும்.

9. பொருத்துங்கள்

முதலில் பேக்கப். விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிப் பாதுகாக்கும் வசதி) இயங்கினால் அதன் மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் மாற்றம் செய்தால் அந்தச் சாவியைக் கணினி கேட்கக்கூடும், அப்போது தேடிப் பயனில்லை.

கணினியை அணைத்து, மின்கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேசின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு டிரைவை எடுங்கள்.

போர்டின் ஹீட்சிங்கைக் கழற்றி, திருகு நிற்கும் சிறு தூண் 2280 துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். தூணும் திருகும் போர்டின் பெட்டியில்தான் வந்திருக்கும், பெரும்பாலான எஸ்எஸ்டி பெட்டிகளில் இருக்காது. பாகங்களைத் தூக்கிப் போட்டிருந்தால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

டிரைவைச் சுமார் 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டில் முழுதாகச் செருகுங்கள். கையை எடுத்ததும் மறுமுனை சற்றே தூக்கி நிற்கும், அது இயல்பு. மெல்ல அழுத்திப் படுக்கவைத்துத் திருகைப் போடுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள், முழு பலத்தையும் காட்டினால் அந்தச் சின்னத் திருகின் தலை வழுக்கிவிடும். பின்புறமும் சில்லு உள்ள டிரைவாக இருந்து, ஸ்லாட்டின் அடியில் ரப்பர் தாங்கி ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டிரைவ் வளையும்.

ஹீட்சிங்கை மூடும் முன் அதன் தெர்மல் பேடின்மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம். உரிக்காவிட்டால் சூடு ஹீட்சிங்குக்குச் சரியாகப் போகாது.

10. பயாஸும் விண்டோஸும்

பூட் பட்டியலில் புதிய டிரைவ் இல்லையென்று பதற வேண்டாம். அதில் இயங்குதளம் இல்லாதவரை பல போர்டுகள் அதை அங்கே காட்டாது. என்விஎம்இ அல்லது ஸ்டோரேஜ் பக்கத்தில் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் எடுத்து மீண்டும் செருகி, பகுதி 1, 2-இல் சொன்ன பொருத்தங்களைச் சரிபாருங்கள்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் காணவில்லை என்றால், இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு (பல டிரைவுகளை ஒன்றாக இணைக்கும் முறை) தேவையில்லையென்றால் அதை அணைத்துவிடலாம். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் திடீரென அணைத்தால் அந்தப் பழைய விண்டோஸ் தொடங்காமல் போகலாம், புதிதாக நிறுவும்போது மட்டும் மாற்றுங்கள்.

புதிதாக நிறுவுகிறீர்களா? மற்ற டிரைவுகள் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பூட் பகுதியை விண்டோஸ் பழைய டிரைவிலேயே வைத்துவிடக்கூடும். சில மாதம் கழித்துப் பழையதை எடுத்ததும் கணினி தொடங்காது, காரணமும் யாருக்கும் நினைவிருக்காது.

குளோன் (பழைய டிரைவை அப்படியே புதியதில் நகலெடுப்பது) செய்கிறீர்களா? பழைய டிரைவ் எம்பிஆர் என்ற பழைய பகுதிப் பிரிப்பு முறையில் இருந்தால், என்விஎம்இயிலிருந்து பூட் ஆக ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். குளோன் முடிந்ததும் அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதை மட்டும் வைத்து ஒருமுறை தொடங்குங்கள். பெரிய டிரைவில் மீதி இடத்தைச் சி பகுதியோடு சேர்க்க முடியாமல் போனால், இடையில் ரெகவரி பகுதி உட்கார்ந்திருக்கும். குளோன் செய்யும்போதே அதை இறுதிக்கு நகர்த்துவது எளிது.

சேமிப்புக்கு மட்டும் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜிபிடி, பிறகு விரைவு ஃபார்மேட். முழு ஃபார்மேட் டிரைவ் முழுவதிலும் தேவையில்லாமல் எழுதும்.

11. திருப்பித்தரும் காலம் முடியும் முன் சோதியுங்கள்

டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து பரிமாற்ற முறை என்ற வரியைப் பாருங்கள். இரண்டு பாதியாக இருக்கும்: இடதுபுறம் இப்போது ஓடும் வேகம், வலதுபுறம் டிரைவால் முடிந்தது. இடதில் ஜென் 3, வலதில் ஜென் 4 என்று இருந்தால் டிரைவில் குறையில்லை, ஸ்லாட்டோ பிராசஸரோ தடுக்கிறது. அதே திரையில் ஓடிய மணியும் எழுதிய அளவும் தெரியும். புதிது என்று வாங்கியதில் நூற்றுக்கணக்கான மணி ஓடியிருந்தால் அது புதிதல்ல.

வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளின் வழக்கமான 1 ஜிபி சோதனை முழுக்கக் கேச்சுக்குள் அடங்கிவிடும், டிரைவின் உண்மைக் குணம் வெளிவராது. 100 ஜிபிக்கு மேற்பட்ட பெரிய கோப்புகளை வேறொரு வேகமான எஸ்எஸ்டியிலிருந்து நகலெடுத்து, வேகம் எங்கே விழுகிறது, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று இரண்டையும் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தால் அளப்பது ஹார்டு டிஸ்க்கின் வேகத்தை.

பிறகு தயாரிப்பாளரின் மென்பொருளால் ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே இருக்கும் இயக்க மென்பொருள்) புதுப்பியுங்கள். இது சம்பிரதாயம் அல்ல: சாம்சங் 990 புரோவில் ஆயுள் சதவீதம் இயல்புக்கு மீறிக் குறைந்துகொண்டிருந்ததை 2023 பிப்ரவரியில் வந்த ஃபர்ம்வேர்தான் நிறுத்தியது, அதற்குள் குறைந்துவிட்ட சதவீதம் திரும்பவில்லை. புதுப்பிக்கும் முன் பேக்கப் இருக்கட்டும், நடுவில் மின்சாரம் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸின் டிரைவ் ஆப்டிமைஸ் திரையில் இந்த டிரைவ் எஸ்எஸ்டி என்றே அடையாளம் காணப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் டிரிம் கட்டளையை (அழித்த தரவின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்வது) குறித்த இடைவெளியில் விண்டோஸே அனுப்பும். ஹார்டு டிஸ்க் என்று காட்டினால் டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும், எஸ்எஸ்டிக்குத் தேவையில்லாத வேலை) ஓடத் தொடங்கும். குளோன் செய்த கணினிகளில் இது சில நேரம் நடக்கிறது. கட்டளைத் திரையை நிர்வாகியாகத் திறந்து வின்சாட் மதிப்பீட்டை ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.